ஸ்டெய்ன்ஷ்னைடரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்த பிறகு, பச்சிளங்குழந்தைகளின் மூச்சு ஆய்வைத் தேர்ந்தெடுக்கத் தயக்கமாக இருக்கிறது

கேள்வி: முதுநிலை மாணவி

வணக்கம். குழந்தை மருத்துவத்தில் முதுநிலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை இன்னும் சில வாரங்களில் ஒப்படைக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் உறங்கும்போது மூச்சு சில நொடிகள் நின்று பிறகு மீள்வதை இரவுப் பணியில் அருகிருந்து பார்த்த நாளிலிருந்து, அதைப் பற்றியே ஆராய வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேரூன்றிவிட்டது. ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தையின் மார்பு அசையாமல் நிற்கிறது, கருவி ஒலிக்கிறது, செவிலியர் உள்ளங்காலை மெல்லச் சுண்டுகிறார், மார்பு மறுபடி எழுகிறது. இதற்கு இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி.

இத்துறையின் முன்னோடிகளைத் தெரிந்துகொள்ளலாம் என்று படிக்கத் தொடங்கியபோது முதலில் எதிர்ப்பட்ட பெயர் ஆல்ஃபிரட் ஸ்டெய்ன்ஷ்னைடர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பணியாற்றிய அவர், 1972 அக்டோபரில் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உறக்கத்தில் மூச்சு நீண்ட நேரம் நின்றுபோவதே தொட்டில் மரணத்தின் (நலமாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் உறக்கத்தில் இறந்துபோவதன்) முன்னறிகுறி என்பது அதன் கருத்து. அதில் பேசப்பட்ட குழந்தைகள் ஐவர். அவர்களில் இறந்த இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், தன் ஐந்து பிள்ளைகளையும் கொன்றதாக அந்தத் தாய்மீது 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஐந்தே குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை எப்படி ஒரு துறையையே அவ்வளவு காலம் வழிநடத்த முடிந்தது? அவ்வளவு உழைத்த ஒருவரின் ஆய்வு வாழ்வில் இன்று எஞ்சுவது என்ன? என்னைப் போல் இப்போது நுழைகிறவர்கள் எதைப் பார்த்து நடக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அன்புள்ள மாணவிக்கு,

நான் 1980களில் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவன். அந்தக் கட்டுரையின் நிழலில் வேலை செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கட்டுரை எந்தச் சூழலில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நன்றாகப் பால் குடித்து உறங்கிய குழந்தை காலையில் இறந்து கிடக்கும். உடற்கூறாய்வில் ஒன்றும் தென்படாது. பெற்றோருக்குச் சொல்ல மருத்துவரிடம் ஒரு சொல்லும் இருக்காது. அந்த நிலையில், "மரணத்துக்கு முன்பே ஓர் அறிகுறி தெரிகிறது, அதை ஒரு கருவியால் கண்டுபிடிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் யார்தான் செவிசாய்க்க மாட்டார்கள்? ஸ்டெய்ன்ஷ்னைடர் சொன்னது காரணத்தையும் காட்டியது, தடுக்கும் வழியையும் காட்டியது. அந்த இரண்டும் ஒன்றாக வந்ததுதான் அதன் வலிமை. ஒப்பிட்டுப் பார்க்க உடல்நலமுள்ள குழந்தைகளின் குழு அதில் இல்லை என்பதை அந்த ஆவலில் பலரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர்களும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பே மூன்று பிள்ளைகள் இறந்திருந்தனர். அவர்களில் ஒருவன் இரண்டு வயதைக் கடந்தவன், அதாவது தொட்டில் மரணத்துக்குரிய வயதைத் தாண்டியவன். மாலி, நோவா என்ற கடைசி இரு குழந்தைகளும் மருத்துவமனையில் வாரக்கணக்கில் கண்காணிக்கப்பட்டு, வீடு திரும்பிய மறுநாளே இறந்தார்கள். இந்தச் செய்திகளைப் படித்த ஜான் ஹிக் என்ற மருத்துவர், குழந்தை வதைக்கு வாய்ப்புண்டா என்று ஆராயப்படவில்லையே எனக் கேட்டு 1973இலேயே அதே இதழுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் அச்சாயிற்று, எதுவும் மாறவில்லை. டல்லாஸ் நகரத் தடயவியல் மருத்துவர் லிண்டா நார்ட்டன் 1980களில் வேறொரு வழக்குக்காகச் சிரக்யூஸுக்கு வந்தபோது இந்தக் கட்டுரையைப் பற்றி வில்லியம் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அரசு வழக்கறிஞரிடம் சொல்ல, அவர் கட்டுரையில் இருந்த முதலெழுத்துகளைக் கொண்டு குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். வனீட்டா ஹாய்ட் என்ற அந்தத் தாய் 1994இல் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, பிறகு அதை மறுத்தார். அவருடைய மேல்முறையீடு விசாரிக்கப்படும் முன்பே 1998இல் சிறையில் இறந்ததால், நியூயார்க் சட்டப்படி தீர்ப்பு நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அறிவியல் நோக்கில், அந்த வழக்கைவிடப் பெரிய செய்தி கருவிகளைப் பற்றியது. குழந்தையின் மார்பில் பட்டையைக் கட்டி, மூச்சு இத்தனை நொடி நின்றால் ஒலியெழுப்பும் கருவிகளை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பினோம். நானும் அனுப்பினேன். பட்டை சற்றுத் தளர்ந்தாலே அது அலறும். ஓர் இரவில் பலமுறை எழுந்து ஓடிய தாய்மார்கள் கண்கள் சிவந்து வெளிநோயாளர் பிரிவில் அமர்ந்திருந்ததை இன்றும் மறக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கருவி மார்பின் அசைவைத்தான் அளந்தது. தொண்டை அடைபட்டு, மார்பு அசைந்துகொண்டே இருக்க, காற்று மட்டும் உள்ளே போகாத நிலையை அது மூச்சு என்றே எண்ணிக்கொள்ளும். எத்தகைய குழந்தைகளுக்கு இக்கருவி தேவை என்பதை வரையறுக்க அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1986இல் வல்லுநர் மாநாடு ஒன்றைக் கூட்டியது. உடல்நலமுள்ள குழந்தைகளுக்கு அது வேண்டியதில்லை என்ற முடிவு அப்போதே வந்தது. நடைமுறை மட்டும் மெல்லத்தான் குறைந்தது.

இறுதியில் விடை தந்தது 'சைம்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட, பல மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு. 1994 முதல் 1998 வரை 1,079 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே, முன்னைவிடத் துல்லியமான கருவியால் 7 லட்சம் மணி நேரத்துக்கு மேல் பதிவுசெய்தார்கள். ரங்கசாமி ராமநாதன் முதல் ஆசிரியராக இருந்த அக்கட்டுரை 2001இல் 'ஜாமா' இதழில் வந்தது. எந்தக் குறையும் இல்லாமல் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலேயே பத்தில் நான்கு பேருக்கு மேல், மூச்சு 20 நொடி நிற்பது போன்ற நிகழ்வு ஒருமுறையேனும் பதிவாகியிருந்தது. எதை நாங்கள் மரணத்தின் முன்னறிகுறி என்று அஞ்சினோமோ, அது நலமுள்ள குழந்தைகளிலும் இயல்பாகக் காணப்படுவது என்று தெரிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கடுமையான நிகழ்வுகள் அதிகம் இருந்தது உண்மை. ஆனால் கருவுற்ற கணக்கில் ஏறத்தாழ 43 வாரத்தோடு, அதாவது நிறைமாதமான 40 வாரத்துக்குச் சற்றுப் பின், அந்தக் கூடுதல் அபாயம் அடங்கிவிட்டது. தொட்டில் மரணம் மிகுதியாக நிகழ்வதோ இரண்டு முதல் நான்கு மாத வயதில். இரண்டும் காலத்தால்கூடப் பொருந்தவில்லை. தொட்டில் மரணத்தைத் தடுப்பதற்காக வீட்டுக் கருவிகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003இல் அறிவித்தது.

ஐந்து குழந்தைகளிலிருந்து ஆயிரத்து எழுபத்தொன்பது குழந்தைகளுக்கு வந்து சேர இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தர முடிந்த விடை அவ்வளவே.

மறுமொழி 2: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர், இங்கிலாந்து

மருத்துவர் ஐயா கருவியைப் பற்றி எழுதினார். நான் படுக்கையைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இருந்தது.

நான் 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் பணியில் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் மூச்சுத்திணறல் உள்ள குறைமாதக் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைப்போம். அது தவறன்று, அப்படிக் கிடக்கும்போது அவர்களுக்கு ஆக்சிஜன் அளவு மேம்படுகிறது, கருவிகளின் கண்காணிப்பும் இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் வீட்டுக்குப் போனதும் அதையேதான் செய்வாள். "வீட்டில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்" என்று அந்த முதல் ஆண்டுகளில் ஒரு தாயிடமும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

நிறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கும் அதே அறிவுரைதான் கிடைத்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து மேலை நாடுகளின் குழந்தை வளர்ப்பு நூல்கள், மல்லாக்கக் கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று சொல்லிக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னன. உடற்கூற்றைப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது. மல்லாக்கக் கிடக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. எதிர்க்களித்து வரும் பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறக் கிடந்தால் மூச்சுக்குழாய்தான் கீழே.

பிரிஸ்டல் நகரத்தின் பீட்டர் ஃபிளெமிங்கைப் பற்றிப் படியுங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன். அவரும் மூச்சையும் உடல்வெப்பத்தையும் அளக்கும் உடலியங்கியலில் ஊறியவர்தான். ஆனால் அவரும் அவருடைய குழுவினரும் ஏவன் பகுதியில் குழந்தை இறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார்கள். குழந்தையை எப்படிப் படுக்கவைத்தீர்கள், எத்தனை போர்வை, அறையில் கணப்பு எரிந்ததா என்று பெற்றோரிடம் பொறுமையாகக் கேட்டார்கள். அதே வயதுடைய, அதே பகுதியில் வாழும் நலமான குழந்தைகளின் வீடுகளுக்கும் போய் அதே கேள்விகளைக் கேட்டார்கள். திடீரென இறந்த 72 குழந்தைகள், ஒப்பீட்டுக்கு 144 குழந்தைகள். 1990இல் 'பிரித்தானிய மருத்துவ இதழில்' முடிவு வந்தது: தொட்டில் மரணத்துக்கு ஆளான குழந்தைகள் குப்புறப் படுக்கவைக்கப்பட்டிருந்த வாய்ப்பு ஏறத்தாழ 9 மடங்கு அதிகம். மிகையான போர்வையும் சூடும் அபாயத்தைக் கூட்டின.

இதைச் சொன்னவர்களில் அவர் முதலாமவர் அல்லர். நெதர்லாந்தில் குப்புறப் படுக்கவைக்கும் வழக்கம் 1970களில் பரவிய பிறகு தொட்டில் மரணங்கள் பெருகியதைக் கவனித்த குஸ் டி யோங்கே, 1987இலேயே நாட்டு மக்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் அதற்கும் முன்பிருந்தே மரணம் நிகழ்ந்த வீடுகளுக்கு நேரில் சென்று படுக்கைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும் ஹாங்காங்கில் தொட்டில் மரணம் அரிதாக இருப்பதை டேவிஸ் என்பவர் 1985இல் 'லான்செட்' இதழில் சுட்டிக்காட்டினார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் தன் மகனை 1991இல் இழந்து, அந்தத் துயரத்தோடு அரசின் கதவைத் தட்டிய பிறகுதான் இங்கிலாந்தில் அவ்வாண்டு டிசம்பரில் 'மல்லாக்கத் தூங்கவையுங்கள்' என்ற இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. எங்கள் பிரிவில், வீட்டுக்கு அனுப்பும் முன் சில நாள்களாவது குழந்தையை மல்லாக்கப் பழக்கிக் காட்டும் முறை அதன்பின் வந்தது.

ரூத் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 1970 வாக்கில் கையில் இருந்த சான்றுகளே குப்புறப் படுக்கவைக்காதீர்கள் என்று சொல்லப் போதுமானவை. அப்போதே சொல்லியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கருவிகளின்மீது எல்லாருடைய கவனமும் இருந்த அதே இருபது ஆண்டுகள் இவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாய்ட் வழக்கில், மாலியும் நோவாவும் கண்காணிக்கப்பட்ட மருத்துவமனைப் பிரிவின் செவிலியர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் தங்கள் கண்ணுக்கு இயல்பாகவே இருந்தார்கள் என்பதும், தாய்க்கும் குழந்தைக்கும் இடையே காணவேண்டிய நெருக்கம் இல்லையே என்று தாங்கள் கவலைப்பட்டதும் அப்போது வெளிவந்தன. இரவு முழுதும் குழந்தையருகில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய குறிப்புகள் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையில் உரிய இடம் பெறவில்லை.

மறுமொழி 3: தடயவியல் மருத்துவ விரிவுரையாளர்

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆயினும் ஹாய்ட் வழக்கை மட்டும் படித்துவிட்டு, ஒரு குடும்பத்தில் இரண்டாவது குழந்தை இறந்தாலே தாயைச் சந்தேகிக்கும் மனநிலைக்கு இந்த மாணவி வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்தத் தவறும் நடந்தது. அதனால் குற்றமற்றவர்கள் சிறைக்குச் சென்றார்கள்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர் தன் இரு மகன்களையும் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில் சாட்சியம் அளித்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ, அத்தகைய வசதியான குடும்பத்தில் இரண்டு தொட்டில் மரணங்கள் நிகழ்வதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள்: ஒரு மரணத்துக்கு 8,543இல் ஒன்று என்ற கணக்கை அதே எண்ணால் பெருக்கியிருந்தார்கள். ஒரு குழந்தையின் மரணத்துக்கும் அதே தாயின் மற்றொரு குழந்தையின் மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால்தான் அப்படிப் பெருக்க முடியும். ஒரே பெற்றோர், ஒரே மரபணுக்கள், ஒரே வீடு, ஒரே படுக்கை வழக்கம் இருக்கையில் அப்படிக் கொள்வது அடிப்படைப் பிழை. அரச புள்ளியியல் கழகம் 2001இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வக முடிவு சாலி கிளார்க்கின் தரப்புக்குத் தரப்படவில்லை என்பதும் தெரியவந்து, 2003இல் அவர் விடுதலையானார். நான்கே ஆண்டுகளில் இறந்தும்போனார்.

ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக்கின் நான்கு குழந்தைகள் 1989 முதல் 1999 வரை ஒன்றன்பின் ஒன்றாக இறந்தனர். அவர் 2003இல் தண்டனை பெற்று, இருபது ஆண்டுகள் சிறையில் கழித்தார். கரோலா வினுவேசா முதலிய மரபணு ஆய்வாளர்கள் இரண்டு மகள்களிடமும் கால்ம்-2 என்ற மரபணுவில் ஓர் அரிய மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கித் திடீர் மரணத்தை உண்டாக்கக்கூடியது அது. 2023 ஜூனில் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. டிசம்பரில் தீர்ப்புகள் ரத்தாயின.

ஸ்டெய்ன்ஷ்னைடர் ஒரு குடும்பத்தின் மரணங்களை வைத்துப் பரம்பரை நோய் ஒன்று உண்டு என்றார். மெடோ ஒரு குடும்பத்தின் மரணங்களை வைத்துக் குற்றம் உண்டு என்றார். இருவரும், முன்னால் இருந்த ஒவ்வொரு குழந்தையின் உடலையும் இறந்த இடத்தையும் முழுமையாக ஆராய்வதற்கு முன்பே ஒரு பொதுவிதியை நம்பினார்கள். ஒரு குழந்தையின் மரணத்தில் காவல்துறையும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து, அனுதாபத்தோடும் திறந்த மனத்தோடும் விசாரிக்க வேண்டும் என்ற நடைமுறை இங்கிலாந்தில் ஹெலினா கென்னடி தலைமையிலான குழுவின் 2004ஆம் ஆண்டு அறிக்கையால் வந்தது. அந்த அறிக்கையை உங்கள் வாசிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4: நரம்பியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

"மூச்சு மீளும் சில நொடிகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். அதே கேள்வியில் தன் வாழ்வைச் செலவிட்ட ஒருவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஹன்னா கின்னி. நரம்பு நோய்க்கூறு வல்லுநரான அவர், இறந்த குழந்தைகளின் மூளைத்தண்டை நுண்ணிய சீவல்களாக வெட்டி, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குப்புறக் கிடக்கும் குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் இழுக்கும்போது கரியமில வாயு கூடுகிறது. அப்போது விழித்துக்கொள்ளவும் தலையைத் திருப்பவும் பெருமூச்செறியவும் மூளைத்தண்டு கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. தொட்டில் மரணத்துக்கு ஆளான குழந்தைகளின் மூளைத்தண்டில் செரட்டோனின் 26 விழுக்காடு குறைந்திருந்ததை அவருடைய குழு 2010இல் வெளியிட்டது.

இதற்கு முன்பே, 1994இல், ஃபிலியானோவும் அவரும் ஒரு விளக்கம் தந்திருந்தார்கள். உள்ளுக்குள் ஒரு பலவீனம் உள்ள குழந்தை, வளர்ச்சியின் இக்கட்டான மாதங்களில் இருக்கும்போது, குப்புறக் கிடத்தல் போன்ற ஒரு வெளிக்காரணமும் வந்து சேர்ந்தால் மரணம் நேர்கிறது என்பது அது. மல்லாக்கப் படுக்கவைத்ததும் மரணங்கள் ஏன் குறைந்தன என்பதும், குப்புறக் கிடந்த பெரும்பாலான குழந்தைகள் ஏன் பிழைத்தார்கள் என்பதும் இதனால் ஒருசேர விளங்குகின்றன.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்தடையை ஆராய்வது வீண் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அது தொட்டில் மரணத்துக்கு வழி என்ற எண்ணம்தான் பொய்த்தது, நோய் மெய்யானது. காஃபி, தேநீரில் உள்ள அதே கஃபீனை இக்குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுப்பதை ஜாக் அராண்டா 1977இல் விவரித்தார். பலரும் கொடுத்துவந்த அம்மருந்து உண்மையில் நன்மை செய்கிறதா என்பதை 500 முதல் 1,250 கிராம் வரை எடையுள்ள 2,006 குழந்தைகளில் சோதித்துப் பார்த்தவர் கனடாவின் பார்பரா ஷ்மிட். நுரையீரல் பாதிப்பு குறைந்ததை 2006இலும், பெருமூளை வாதம் 7.3 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்ததை 2007இலும் அவர் குழு அறிவித்தது. நீங்கள் இரவுப் பணியில் பார்க்கும் குழந்தைகளுக்கு இன்று கஃபீன் தைரியமாகக் கொடுக்கப்படுவது அந்த ஆய்வினால்தான்.

கேள்வி கேட்டவர்: முதுநிலை மாணவி

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு முறை படித்தேன். தலைப்பை மாற்றவில்லை; ஆய்வின் வடிவத்தை மாற்றிவிட்டேன். மூச்சு நின்றுபோகும் குறைமாதக் குழந்தைகளை மட்டும் பதிவுசெய்வதாக இருந்தது. இப்போது, அதே வாரக் கணக்கில் பிறந்து மூச்சுத்தடை காணப்படாத குழந்தைகளையும் அதே கருவியால், அதே அளவு நேரம் பதிவுசெய்வதாகத் திட்டத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். எண்ணிக்கையை ஒரு புள்ளியியலாளரிடம் கேட்டுத்தான் முடிவுசெய்வேன்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். கருவியின் பதிவோடு செவிலியர் குறிப்புக்கும் ஒரு படிவம் வைக்க விரும்புகிறேன். அதில் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர், இங்கிலாந்து

மகிழ்ச்சி அம்மா. ஒலி எழுந்த நேரத்தில் குழந்தை குப்புறவா, மல்லாக்கவா, ஒருக்களித்தா கிடந்தது என்பதை முதல் கட்டமாக வையுங்கள். கழுத்து மடங்கியிருந்ததா, கடைசியாகப் பால் கொடுத்து எத்தனை நிமிடம், தோலின் நிறம் மாறியதா, தொடாமலே மீண்டதா அல்லது தொட்ட பிறகா, பட்டை சரியாக இருந்ததா என்பவை அடுத்து. யாராவது அருகில் இருந்து கண்ணால் பார்த்தார்களா, கருவி மட்டும் சொன்னதா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இரவு மூன்று மணிக்கு ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறுகையால் நிரப்பக்கூடியதாக இருக்கட்டும். கீழே கோடு போட்டு, "வேறு ஏதேனும் கவனித்தீர்களா" என்று கேட்டு நான்கு வரி வெற்றிடம் விடுங்கள்.